கணக்கில் வராத வீடு

– மூன்றாமாண்டு சிவில் மாணவர், ஐயம்பேட்டை

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது பழமொழி. கல்யாணத்தைப் பற்றி எழுத எனக்கு வயது போதாது, பதினெட்டுதான் ஆகிறது. அதனால் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். "நீ சிவில்தானே, உருப்படியா ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். உருப்படியாக இருக்கிறதா என்று படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் வகுப்பறையில் ஒரு வீடு எப்படித் தொடங்குகிறது? மனையைச் சுத்தம் செய்து, மார்க்கிங் போட்டு, கடக்கால் எடுத்து, பேஸ்மென்ட், லிண்டல், கூரை என்று வரிசையாக ஏறுகிறது. ஆனால் அரசுத் திட்டத்தில் ஓர் ஏழை கட்டும் வீடு கடக்காலில் தொடங்குவதில்லை. அது ஒரு பட்டியலில் தொடங்குகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் மேஸ்திரியைத் தேடலாம். பெயர் இல்லையென்றால், நாம் எவ்வளவு அழகாக எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தாலும் ஒரு செங்கல்கூட நகராது. அந்தப் பட்டியலில் எதை எண்ணுகிறார்கள், எது விட்டுப்போகிறது, அதை எங்கே போய்க் கேட்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர்

ஐயம்பேட்டை என்றதும் "தஞ்சாவூர்ப் பக்கமா?" என்று கேட்பார்கள். இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஐயம்பேட்டை. வாலாஜாபாத் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. சேலைக்குக் காஞ்சிபுரம் என்று பெயர். அதை நெய்கிறவர்களில் பலர் இப்படிச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறோம். எங்கள் அப்பா கூலிக்கு நெய்கிறார். அம்மா தார் சுற்றுவார். கோர்வை போடும்போது தறிக்குப் பக்கத்தில் உட்காருவார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நாங்கள் இருப்பது வாடகை வீடு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் கணக்குக்குத் தேவைப்படும்.

பேட்டை என்றால் தொழிலும் வியாபாரமும் நடக்கிற குடியிருப்பு. கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி, வரியில் சலுகை கொடுத்த செய்திகள் பழைய கல்வெட்டுகளில் உண்டு. தறிக்கடமை என்று தறிக்கே ஒரு வரி இருந்தது. வரி வாங்கியது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு நெசவாளனைக் கணக்கெடுக்கும்போது அவன் தறியையும் சேர்த்து எண்ணினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஊராட்சிக்கு என்ன வேலை?

வீடு கொடுப்பது சென்னையில் இருக்கிற அரசின் வேலை, டில்லியில் இருக்கிற அரசின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். பணம் அங்கிருந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், பதினோராவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. உள்ளாட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 29 வேலைகள் அதில் இருக்கின்றன. பத்தாவது வேலை 'ஊரக வீட்டுவசதி'. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. அந்தச் சட்டத்தில்தான் கிராமசபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள். நமக்கும் பதினெட்டு ஆகிவிட்டதே, நாமும் உறுப்பினர்தான்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. கிராமசபைக்கு அப்படிப் பதவிக்காலம் எதுவும் கிடையாது.

தொகை ஏறியது, நிபந்தனை மாறவில்லை

கடந்த நாற்பது வருடத்தில் வந்த முக்கியமான கிராமப்புற வீட்டுத் திட்டங்களை வரிசையாகப் பாருங்கள்.

இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியது. 1996 ஜனவரி முதல் தனித் திட்டமாக நடந்தது. 2016-ல் அது பிரதமர் குடியிருப்புத் திட்டமாக (ஊரகம்) மாறியது. வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. சமவெளிப் பகுதிக்கு ரூ.1.20 லட்சம். அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. கான்கிரீட் கூரை போட அது போதாது என்று தமிழ்நாடு அரசு தனியாகவும் பணம் சேர்த்தது.

மாநில அரசின் திட்டங்கள் வேறு. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளை ஆறு வருடத்தில் கான்கிரீட் வீடாக்குவது குறிக்கோள். முதலில் வீட்டுக்கு ரூ.60,000, பிறகு ரூ.75,000. 2011-ல் ஆட்சி மாறியதும் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, ரூ.1.80 லட்சம், வருடத்துக்கு 60,000 வீடுகள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் வருடம் ஒரு லட்சம். மொத்தம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. கூரை, மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். தொடங்கிய ஆண்டில், 100 நாள் வேலைக் கூலியும் கழிப்பறைப் பணமும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன.

60,000 ரூபாய் 3,50,000 ஆகியிருக்கிறது. சிமென்ட், கம்பி, மணல், கொத்தனார் கூலி எல்லாம் ஏறியிருப்பதால் இது முழு லாபமில்லை. ஆனாலும் முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. கட்சி எதுவானாலும் ஆட்சி எதுவானாலும் குடிசையை ஒழிக்க வேண்டும் என்பதில் தமிழ்நாட்டில் சண்டையில்லை.

மாறாமல் இருப்பது ஒன்றுதான். "பட்டா இருக்கா?" என்ற கேள்வி! இந்த வீடுகளெல்லாம் சொந்த மனையில் நாமே கட்டிக்கொள்ள அரசு கொடுக்கும் உதவி. மனை இருப்பவருக்கு வீடு உண்டு. மனை இல்லாதவருக்கு முதலில் மனை வேண்டும். எங்கள் வீட்டுக்காக என் அப்பா ஒரு முறை ஓர் அலுவலகத்தில் போய் விசாரித்தார். அந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

காலடி மண் யாருடையது?

ஒரே தெருவில் ஐந்து வீடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். சுவரும் கூரையும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கீழே இருக்கிற மண் ஐந்து விதமாக இருக்கலாம்.

முதலாவது, பட்டா மனை. இதற்குப் பிரச்சினையில்லை. தாத்தா பெயரில் இருக்கிற பட்டாவைப் பேரன் பெயருக்கு மாற்றாமல் விட்டிருந்தால் மட்டும் அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கிராம நத்தம். ஊர்க்காரர்கள் குடியிருக்கவென்றே ஒதுக்கிய நிலம். பட்டா வாங்குவது மற்றவற்றைவிட எளிது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, நீர்நிலைப் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால் கரை. இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் பட்டா எதிர்பார்க்க முடியாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. மழை வந்தால் முதலில் முழுகுவதும் இந்த வீடுகள்தான்.

நான்காவது, கோயில் மனை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை, கோயில் நிலத்துக்கும் குறைவில்லை. அடிமனை கோயிலுடையது, மேலே கட்டடம் குடியிருப்பவருடையது. கோயிலுக்கு வாடகை கட்டுவார்கள். 1959-ம் வருட இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. கோயில் சொத்தைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கிறவர் வீட்டுத் திட்டத்தின் பக்கம் போக முடியவில்லை என்பதும் உண்மை.

ஐந்தாவது, வாடகை வீடு. இங்கே மண்ணும் நமதில்லை, சுவரும் நமதில்லை.

மனை இல்லாதவருக்கு அரசு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுக்கும் வழி இருக்கிறது. கிராமத்தில் மூன்று சென்ட் வரை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, மூன்று சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. தாராளமான மனை! ஆனால் கொடுக்கத் தகுந்த நிலம் ஊருக்குள் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து தொழிற்சாலைகள் இந்தப் பக்கம் வர வர, நிலத்தின் விலை ஏறுகிறது. ஊரைவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மனை கொடுத்தால் வெறும் வீட்டுக்கு அது சரி. தறிக்காரருக்குச் சரியா? அதை அடுத்துப் பார்ப்போம்.

வீடில்லாதவர் என்றால் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களைத் தனியாக எண்ணினார்கள். நடைபாதை, பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் போன்ற இடங்களில் படுத்திருந்தவர்கள். இந்தியா முழுவதும் 17.7 லட்சம் பேர். நகரங்களில் இவர்களுக்காக இரவுத் தங்குமிடம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு ஒரு தங்குமிடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் விதி செய்தார்கள்.

எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அந்தக் கணக்கை எடுத்தால் பூஜ்யம்கூட வரலாம். யாரும் தெருவில் படுப்பதில்லை. அண்ணன் வீட்டுத் திண்ணையில் தம்பி குடும்பம் இருக்கும். ஒரே ஓட்டு வீட்டில் சேலையைக் கட்டித் தடுத்து மூன்று குடித்தனம் நடக்கும். எல்லோருக்கும் கூரை இருக்கிறது, யாரும் வீடில்லாதவர் இல்லை! ஓட்டு வீடு என்பதால் குடிசைக் கணக்கிலும் வராது. மனை இல்லை என்பதால் பயனாளிக் கணக்கிலும் வராது. இவர்களும் வீடில்லாதவர்கள்தான் என்பது என் கருத்து. இந்த மாதிரிக் குடும்பங்கள் எத்தனை என்று யாரும் எழுதி வைக்காத வரை, இவர்களுக்காகப் பணம் ஒதுக்குங்கள் என்று யாரையும் கேட்க முடியாது.

தறியையும் அளந்து பார்ப்போம்

இது நம் சப்ஜெக்ட், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 300 சதுர அடி வீட்டை வெளியளவு 20 அடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 9 அங்குலச் சுவர். உள்ளே 18½ அடிக்கு 13½ அடி கிடைக்கும். பெருக்கினால் சுமார் 250 சதுர அடி. சுவரே 50 சதுர அடியைத் தின்றுவிட்டது. உள்சுவரை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் குழித்தறியை டேப் வைத்து அளந்தேன். ஆள் உட்காருமிடம், பின்னால் பாவு நீண்டிருக்கும் இடம், பக்கத்தில் நடக்க வழி எல்லாம் சேர்த்து 7 அடிக்கு 12 அடி. 84 சதுர அடி! 250-ல் 84 போனால் மீதி 166. அதில் சமையல், சாமி படம், பீரோ, ஐந்து பேர் படுக்கை. தறி இரண்டு என்றால் மீதி 82 சதுர அடிதான். குடும்பத்துக்கு ஒரு தறியின் இடம்கூட மிஞ்சவில்லை.

இடம் மட்டுமில்லை. குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். அதனால் அதை மாடியில் போட முடியாது. காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். வெள்ளத்தில் மாட்டும் குடும்பங்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் குழித்தறிக்காரர் ஒருவருக்கு இப்படி மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தால், அவர் தொழிலைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

இன்னும் சில உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும்; ஆகவே பேஸ்மென்ட் உயரம் கூடுதலாக வேண்டும். ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்காரும். ஆகவே கூரை தாழ்வாக இருக்கக் கூடாது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். ஆகவே தெருவும் எங்களுக்கு ஒரு அறை மாதிரி. தெருவே இல்லாத, அக்கம்பக்கம் நெசவாளர் இல்லாத இடத்தில் தனியாக ஒரு வீடு கொடுத்தால், பாவைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவது?

கட்டும்போது நடப்பது வேறு. திட்டப் பணம் மொத்தமாக வராது, கட்டடம் ஏற ஏறத் தவணையாக வரும். பழைய கூரையைப் பிரித்த நாளிலிருந்து தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. நான்கைந்து மாதம் வேறு வீட்டுக்கு வாடகை, வருமானம் பூஜ்யம், அடுத்த தவணை வரும்வரை கைக்காசு. இந்த இடத்தில்தான் கடன் நுழைகிறது. வாடகை வீட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், பாத்திரம் பண்டத்தை ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம். அரைகுறையாக நெய்த பாவை என்ன செய்வது? புது வீட்டில் குழி தோண்ட விடுவார்களா? எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் அன்று யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தறியைக் கணக்கில் சேர்க்கவே முடியாது என்று சொல்ல முடியாது. ஒரு முறை சேர்த்திருக்கிறார்கள். பசுமை வீடுகள் திட்டத்தின்போது நெசவாளர்களுக்கென்று 10,000 வீடுகள், தறிக்கூடத்தோடு சேர்த்து, வீட்டுக்கு ரூ.2.60 லட்சம் என்று தனியாக அறிவித்தார்கள். தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கூடம் கட்ட ரூ.1.20 லட்சம் உதவி வைத்தார்கள். ஆனால் இவற்றுக்கும் அதே கேள்விதான்: கூடம் கட்ட மண் எங்கே?

ஊராட்சியின் பையில் என்ன இருக்கிறது?

"ஊராட்சித் தலைவர் நினைச்சா கட்டிக் கொடுக்கலாமே" என்று சிலர் பேசுவார்கள். அவ்வளவு சுலபமில்லை. ஊராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது.

ஒன்று, சொந்த வருமானம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம். நாம் கட்டுவதுதான் இது; கட்டாமல் விட்டால் குறைவதும் இதுதான்.

இரண்டு, நிதிக்குழு மானியம். 15-வது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போட்டது. மீதி 40 சதவீதம்தான் ஊர்த் தேவைக்கு. தமிழ்நாட்டில் இந்தப் பணம் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்டத்துக்கு 5 என்று பிரிக்கப்பட்டது. மாநில நிதிக்குழு மானியம் தனி.

மூன்று, திட்டப் பணம். வீட்டுப் பணம் இந்த வகை. அது ஊராட்சியின் பெட்டிக்குள் வருவதில்லை. பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டுப் பொது வேலை செய்யலாம்.

ஆக, ஊராட்சியிடம் வீடு கட்டப் பணம் இல்லை. யாருக்குத் தேவை என்று எடுத்துச் சொல்லும் வாய் இருக்கிறது. 2015-16 முதல் ஒவ்வொரு ஊராட்சியும் வருடத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும். அதில் ரோடு, தெருவிளக்கு, கால்வாய் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், "மனையில்லாத குடும்பம் இத்தனை, வாடகை வீட்டில் ஓடும் தறி இத்தனை" என்றும் எழுதலாமே! அதை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்து மாநிலத்தில்

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் அங்குள்ள 'லைஃப் மிஷன்' வீட்டுத் திட்டம். அதில் ஆரம்பத்திலேயே மக்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பாதியில் நின்ற வீடுகள், மனை இருந்தும் வீடில்லாதவர்கள், மனையும் வீடும் இல்லாதவர்கள். மூன்றாவது வகையைத் தனி வரிசையாக எழுதியதால்தான் அவர்களுக்கு நிலம் தேட வேண்டிய அவசியம் அரசுக்கு வந்தது. மனமுள்ளவர்கள் கொஞ்சம் நிலம் தாருங்கள் என்று ஒரு இயக்கமே நடத்தி நிலம் வாங்கினார்கள். பயனாளிப் பட்டியலைக் கிராமசபையில் வைத்துத்தான் இறுதி செய்கிறார்கள்.

தூரத்து உதாரணம் ஒன்று. பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல், நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று பகுதி மக்களே கூடிப் பேசி வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதிகம் படிக்காத மக்கள்தான் அதில் நிறைய உட்கார்ந்தார்கள். அவர்களால் முடியும் என்றால், டிப்ளமோ படிக்கிற நம்மால் முடியாதா?

நாம் செய்யக்கூடியது

அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் படிப்பு முடிவதற்குள் நாம் எல்லோரும் அவரவர் ஊரில் செய்யக்கூடிய சில வேலைகளை எழுதுகிறேன்.

1. கிராமசபைக்குப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். "யாரோ போவாங்க" என்று எல்லோரும் நினைத்தால் யாரும் போவதில்லை.

2. நம் தெருவை நாமே கணக்கெடுப்போம். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போதும். மனை எந்த வகை, எத்தனை குடும்பம், எத்தனை தறி, என்ன கூரை, மழையில் தண்ணீர் வருமா. சர்வே வகுப்பில் படித்ததை வைத்து ஒரு வரைபடமும் போடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

3. அதைக் கிராமசபையில் மனுவாகக் கொடுத்து, தீர்மானமாக எழுதச் சொல்வோம். வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நிற்கும். நகல் கிடைக்கவில்லையென்றால் 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

4. பக்கத்து வீட்டுக்காரரின் பட்டா, சிட்டாவைப் படித்துச் சொல்வோம். நத்தம் எது, புறம்போக்கு எது என்று தெரியாமலேயே பல பேர், "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போவுது" என்று விட்டுவிடுகிறார்கள். சில வீடுகளுக்குப் பட்டா கிடைக்க வழியிருக்கும், கேட்க ஆளிருக்காது.

5. சிவில் நண்பர்களுக்கு மட்டும் ஒன்று. 360 சதுர அடிக்குள் ஒரு குழித்தறியும் ஐந்து பேரும் இருக்கிற மாதிரி ஒரு பிளான் வரைந்து பாருங்கள். தறி முன்னறையிலா, பின்னறையிலா? குழியின் இடத்தில் தரை கான்கிரீட்டை எப்படி விடுவது? அந்த 60 சதுர அடியை எங்கே வைப்பது? நான் மூன்று பிளான் வரைந்து பார்த்தேன். ஒன்றில் சமையலறைக்கு இடமில்லை, ஒன்றில் பாவு கதவை இடிக்கிறது, மூன்றாவது பரவாயில்லை. அதைவிட நல்லது உங்களில் யாராவது வரைவீர்கள். வரைந்தால் எனக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

எங்கள் தெருவில் நானும் இரண்டு நண்பர்களும் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினேழு வீடு எழுதியாகிவிட்டது. சில வீடுகளில், "எழுதிட்டா வீடு கிடைச்சிடுமா தம்பி?" என்று கேட்டார்கள். கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல நமக்கு உரிமையில்லை. "எழுதலேன்னா கேக்கவே முடியாதுங்க" என்று சொன்னோம். அவர்களும் உள்ளே கூப்பிட்டுத் தறியைக் காட்டினார்கள். மீதி வீடுகளையும் முடித்து, அடுத்த கிராமசபைக்கு அந்த நோட்டோடு போகிறோம்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் சிலர் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராகவோ, ஜூனியர் இன்ஜினியராகவோ உட்காரலாம். அப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவாளர் வந்து நிற்பார். "பட்டா இருக்கா?" என்று கேட்க வேண்டியது நம் வேலையாக இருக்கும். கேட்போம். அதோடு நிறுத்தாமல், "தறி எத்தனை? இப்ப எங்க இருக்கீங்க?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டு, அந்தப் பதிலையும் கோப்பில் எழுதி வைப்போம்.